12½ அடி ஹாலில் ஒரு சப்வூஃபர்

ரங்கூன் டவுனில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு 12½க்கு 50 என்ற கணக்கு மனப்பாடமாக இருக்கும். அகலம் 12½ அடி, நீளம் 50 அடி. முன்னால் வராண்டா, அடுத்து ஹால், பலகைத் தடுப்பு போட்டு ஒன்றோ இரண்டோ அறை, கடைசியில் சமையல்கட்டும் குளியலறையும். பக்கச் சுவர் இரண்டும் செங்கல். அந்தச் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். தலைக்கு மேலே கான்கிரீட், காலுக்குக் கீழே கான்கிரீட். எங்கள் வீடும் இதே அச்சுதான். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வராண்டாவிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் கிளிப்பில் மாட்டித்தான் காலைப் பேப்பர் மேலே ஏறும்.

இப்படிப்பட்ட வீட்டில் சப்வூஃபர் (அடிச்சுரத்துக்கு மட்டுமான ஸ்பீக்கர் பெட்டி) வைக்கலாமா, அக்கம்பக்கம் சண்டைக்கு வராதா, எத்தனை இன்ச் வாங்கலாம் என்று கோயிலில் பார்க்கிறவர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். வைக்கலாம். தாராளமாக வைக்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் அளவு டேப்பை எடுங்கள். இந்த ஹாலில் எத்தனை இன்ச் பெட்டி என்பது இரண்டாம் பட்சம். அந்தப் பெட்டி எந்த இடத்தில் உட்காருகிறது, நாம் எந்த இடத்தில் உட்காருகிறோம், இந்த இரண்டும்தான் முக்கால்வாசி வேலை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எனக்கு இது ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தவில் வாசித்தவர். இங்குள்ள கோயில் திருவிழாக்களில் அவர் வாசித்ததை யாரோ புண்ணியவான்கள் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். தவிலில் வலந்தலை விரலில் கூடு மாட்டி வாசிப்பது; படபடவென்று பொரியும் சத்தம் அதில் வரும். அதை எந்தச் சின்ன ஸ்பீக்கரும் கொடுத்துவிடும். மறுபக்கம் தொப்பி. பூவரசங் குச்சியால் அதில் ஓர் அடி விழுந்தால் நெஞ்சுக்குள் தெரிய வேண்டும். என் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரில் இருப்பது 5 இன்ச் கோன். அதில் தொப்பி அடி யாரோ மேஜையைத் தட்டுவதுபோலத்தான் கேட்டது. அப்பா வாசிப்பில் பாதி இல்லாமலே அத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் சப்வூஃபர். சினிமாவில் குண்டு வெடிக்கிற சத்தம் எனக்கு அவ்வளவாகப் பொருட்டில்லை. என் மகளுக்குப் பொருட்டு உண்டு. அதையும் சேர்த்துத்தான் வாங்கினோம்.

வாங்கியது 10 இன்ச், மூடிய பெட்டி, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ளது. துளை வைத்த பெட்டி அதே அளவில் கொஞ்சம் கூடுதல் சத்தம் தரும். ஆனால் அது கைவிடும் இடத்துக்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். ஒரு ஆக்டேவுக்கு, அதாவது சுரம் பாதியாக இறங்குவதற்கு, 24 டெசிபல் வேகத்தில். மூடிய பெட்டி 12 டெசிபல் வேகத்தில் மெதுவாக இறங்கும். செங்கலும் கான்கிரீட்டும் சூழ்ந்த சின்ன ஹாலில் அறையே அடிச்சுரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால், மெதுவாக இறங்குகிற பெட்டி அதோடு ஒத்துப்போகும். 12 இன்ச், 15 இன்ச் என்று போக இந்த ஹாலுக்குத் தேவையே இல்லை.

இனி கணக்கு. காற்றில் ஒலியின் வேகம் சூட்டைப் பொறுத்தது. நம் ஊர் 30 டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 349 மீட்டர், அடிக்கணக்கில் 1145. இரண்டு சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்துகிற இடத்தில் அந்தச் சுரம் அறைக்குள் மாட்டிக்கொண்டு முழங்கும். 1145ஐ அகலத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அது எந்தச் சுரம் என்று தெரிந்துவிடும். 12½ அடிக்கு 46 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 46 அதிர்வு. அதன் இரட்டிப்பு 92. எங்கள் தளத்தின் உயரம் 10 அடி, அதற்கு 57. ஹால் நீளம் 20 அடி. அதற்கு 28½ம், இரட்டிப்பாக மறுபடியும் 57ம். இதைப் பார்த்ததும், 57ல் உயரமும் நீளமும் ஒன்றாகச் சேர்ந்து வீடே அதிரும் என்றுதான் நினைக்கத் தோன்றும். காகிதத்தில் அது சரிதான். ஆனால் எங்கள் ஹாலில் நீளத்தின் ஒரு முனை பலகைத் தடுப்பு, மறுமுனை வராண்டாக் கதவு. இவ்வளவு நீளமான அலைக்குப் பலகையும் திறந்த கதவும் சுவரே இல்லை. பாதி அப்படியே வெளியே போய்விடும். ஆகவே நீளத்துக் கணக்கு அடங்கிவிட்டது. அகலமும் உயரமும்தான் ராஜ்யம் பண்ணின. 12½க்கு 50 வீடு எதிலும் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பக்கச் சுவர் இரண்டும் கெட்டி, முன்னும் பின்னும் இளக்கம்.

டிவி பலகைத் தடுப்பை ஒட்டி இருக்கிறது. அதற்கு எதிரே 12 அடி தள்ளி சோஃபா, அகலத்தில் நட்ட நடுவே. பார்க்க அழகு. ஆனால் முதல் அகல முழக்கமான 46 ஹெர்ட்ஸுக்குச் சுவரோரம்தான் உச்சம், நட்ட நடு சூனியம். அதாவது பெட்டியை மூலையில் வைத்து, நடுவில் உட்கார்ந்து கேட்டால் 46 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும்.

பள்ளம் விழும் என்று வாயால் சொன்னால் புரியாது. நாலு கம்பி பேஸ் கிட்டாரில் மிகத் தாழ்ந்த சுரம் ஈ, 41 ஹெர்ட்ஸ். எஃப் 44. எஃப் ஷார்ப் 46. ஜி 49. எழுபது எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகுமே, அதில் ஒன்றைப் போட்டோம். பெட்டி மூலையில். ஏ, ஜி ஷார்ப் என்று படி இறங்கி வருகிறது, நன்றாகக் கேட்கிறது. ஜி வந்ததும் தேய்கிறது. எஃப் ஷார்ப்பில் ஆளையே காணோம். எஃப் தொட்டதும் மறுபடி தலை காட்டுகிறது. மாப்பிள்ளை (என் மனைவியின் தம்பி, ஸ்பீக்கர் விஷயத்தில் என்னைவிடப் பைத்தியம்) சுவரோரம் போய் நின்றுகொண்டு, “மச்சான், இங்க வாங்க, எல்லாமே இங்கதான் ஒளிஞ்சிருக்கு” என்றான். எழுந்து போனேன். அதே பாட்டு, அதே சத்தம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி எஃப் ஷார்ப் குமுறிக்கொண்டு நிற்கிறது. சோஃபாவுக்குத் திரும்பி வந்தால் இல்லை. பாட்டில் இருக்கிற ஒரு சுரத்தை வீடு தின்றுவிடும் என்பதைக் காதால் கேட்டால்தான் நம்ப முடியும்.

இந்தப் பள்ளத்தை ஈக்குவலைசரில் ஏற்றி நிரப்பலாமே என்பார்கள். முடியாது. நேராக வருகிற அலையும் சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. நீங்கள் ஏற்றினால் இரண்டுமே ஏறும், மறுபடி அழியும். ஆம்ப்ளிஃபயர் சூடாவதுதான் மிச்சம். மேட்டைச் செதுக்கலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளத்துக்கு மருந்து இடத்தை மாற்றுவதுதான்.

இடம் தேட ஒரு பழைய வழி இருக்கிறது. பெட்டியைத் தூக்கி நாம் உட்காருகிற இடத்திலேயே வைப்பது. அதாவது சோஃபா மேலேயே. பிறகு பேஸ் நிறைய உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பெட்டி வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் நாம் தவழ்ந்துபோய்க் கேட்பது. எங்கே எல்லாச் சுரமும் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், சோஃபாவில் அதே சீர் கிடைக்கும். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் நடுவில் உள்ள கணக்கு மாறாது என்பதுதான் அடிப்படை. தவழ வேண்டும் என்பதும் சும்மா இல்லை. பெட்டியின் கோன் தரையோரம் இருக்கப்போகிறது, ஆகவே காதும் தரையோரம் போக வேண்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கமாகத் தரையைச் சுற்றினோம். இரண்டு மூலையிலும் எஃப் ஷார்ப் இல்லை. பக்கச் சுவர் நெடுகிலும் இல்லை. தடுப்பின் நடுவில், டிவி மேஜைக்கு அடியில் தலையைவிட்டதும் கிடைத்தது. எல்லாப் படியும் இருந்தது.

காரணம் முன்னமே சொன்ன கணக்குதான். நட்ட நடுவில் பெட்டி இருந்தால் அது 46 ஹெர்ட்ஸ் முழக்கத்தைத் தட்டி எழுப்பவே எழுப்பாது. முழக்கமே எழும்பாதபோது பள்ளமும் இல்லை, பெட்டியிலிருந்து நேராக வருவது நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது. மூலையில் வைத்ததைவிடச் சத்தம் குறைவுதான். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து சும்மாவே தூக்கிக் கொடுக்கும். அதனால்தான் கடைக்காரர்கள் மூலையில் வைக்கச் சொல்வார்கள். சத்தம் போதவில்லை என்றால் குமிழைத் திருகிக்கொள்ளலாம். காணாமல் போன சுரத்தைத் திருக எந்தக் குமிழும் கிடையாது.

இரட்டிப்பான 92 ஹெர்ட்ஸுக்கு நடு என்பது உச்சம். அதற்கு ஒரு நல்ல தற்செயல் உதவியது. ஸ்பீக்கர் இரண்டையும் பக்கச் சுவரிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன். 12½ல் கால் பங்கு 3 அடி சொச்சம். 92க்கு அந்த இடம் சூனியம். ஆகவே ஸ்பீக்கரால் அந்த முழக்கத்தை எழுப்ப முடியாது. சப்வூஃபர் 80க்கு மேல் எப்படியும் அடங்கிவிடும். நம் ஹால்களுக்கு இந்த 3 அடிக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

மாப்பிள்ளை எங்கோ இரவல் வாங்கி யூமிக்-1 என்ற அளவெடுக்கும் மைக் ஒன்றைக் கொண்டுவந்தான். யூஎஸ்பியில் சொருகி, ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தோம். காதில் கேட்டது கோட்டில் அப்படியே வந்தது. மூலையில் 46 பக்கம் கிணறு. நடுவில் வைத்தபோது கிணறு தூர்ந்துபோயிருந்தது. 57ல் மட்டும் ஒரு குன்று நின்றது, அது உயரத்தின் வேலை. தரையில் உட்கார்ந்திருக்கும் பெட்டியால் அதைத் தவிர்க்க முடியாது. ரிசீவரின் (ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) தானியங்கி அளவீடே அதைச் செதுக்கிவிட்டது. கைபேசி ஆப்பில் அளக்கலாமா என்று கேட்பார்கள். குரல் அளவுக்கு அது சரி; இவ்வளவு தாழ்ந்த சுரத்துக்குக் கைபேசி மைக்கை நம்பாதீர்கள்.

மற்றவை சீக்கிரம். ரிசீவரில் ஸ்பீக்கரைச் ‘ஸ்மால்’ என்று வையுங்கள், அது பார்க்க எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. பிரிக்கும் இடம், அதாவது எந்தச் சுரத்துக்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிடிப்பது கடினம் என்பதால்தான் 80 வழக்கத்துக்கு வந்தது. ரிசீவர் பிரித்துவிட்டால் சப்வூஃபரின் முதுகில் உள்ள அதே வேலைக்கான குமிழைக் கடைசிவரை திருகிவிடுங்கள். இரண்டு இடத்தில் வடிகட்டினால் நடுவில் ஓட்டை விழும். ஃபேஸ் ஸ்விட்சுக்கு (கோன் முன்னே தள்ளுவதைப் பின்னே இழுப்பதாக மாற்றும் ஸ்விட்ச்) 80 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு ஒருவர் அங்கே தட்டி மாற்ற, ஒருவர் சோஃபாவில் இருந்து எது பலமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

தூரம் பற்றி ஒன்று. பெட்டி என்னிடமிருந்து 12 அடி. தானியங்கி அளவீடு 16 அடி என்று காட்டியது. நிறையப் பேர் மெஷின் தப்புப் பண்ணிவிட்டது என்று 12 ஆக்கிவிடுகிறார்கள். அதைத் தொடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டிகளில் சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் வெளியே வருகிறது; அந்தத் தாமதத்தையும் தூரமாகக் கணக்குப் பண்ணித்தான் ரிசீவர் சொல்கிறது. 12 என்று திருத்தினால் தவிலின் படபடப்பும் அடியும் ஒரே கணத்தில் விழாது.

பெட்டி ஒரு வழியாக உட்கார்ந்ததும் வீடு பேச ஆரம்பித்தது. 20லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஓசையைப் போட்டுவிட்டு, நானும் மகளும் வேட்டைக்குக் கிளம்பினோம். முதலில் டிவிக்குப் பின்னாலிருந்த பலகைத் தடுப்பு. ஆணி தளர்ந்து கட்டையும் பலகையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. ஆணியைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன், பெட்டியையும் தடுப்பிலிருந்து அரை அடி முன்னால் இழுத்தேன். அடுத்து ஷோகேஸ் கண்ணாடிக் கதவு. அதன் தண்டவாளத்தில் ஒட்டுப்பஞ்சு ஒட்டியதும் அடங்கியது. ஆனால் ஓர் இடத்தில் மட்டும், 50க்கும் 55க்கும் நடுவில், மெல்லிய ஒரு கிணுகிணு. எங்கிருந்து என்று தெரியவில்லை. மகள் ஒவ்வொரு பொருளாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். சாமி அலமாரி வந்ததும், “அப்பா, அம்மன்தான்!” என்றாள். எங்கள் பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த அங்காளம்மன் படம். பழைய ஃபிரேம். அட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மூலையில் மட்டும் நூலளவு இடைவெளி. அதன் கீழே குத்துவிளக்கின் தட்டும் தண்டும் சேரும் திருகு வேறு லேசாகத் தளர்ந்திருந்தது. படத்தை இறக்கி, துடைத்து, பின்னால் மரை ஆணியை முறுக்கி, நான்கு மூலையிலும் கம்பளித் துண்டு வைத்து மனைவி மறுபடி மாட்டினாள். பூவும் அன்றைக்கு இரட்டிப்பாக வைத்தாள். கிணுகிணு நின்றுவிட்டது. சப்வூஃபர் மட்டமாக இருக்கிறது, கொரகொரவென்று இருக்கிறது என்று குறை சொல்கிற வீடுகளில் முதலில் இந்த வேட்டையைச் செய்து பாருங்கள் என்பேன். கொரகொரப்பு பெரும்பாலும் பெட்டியில் இருக்காது.

அடுத்து கீழ்வீடு. எங்களுக்குக் கீழே ஒரு பர்மிய அம்மா தனியாக இருக்கிறார். விடியற்காலை புத்தர் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து ஓதுகிறவர். எங்கள் மகளைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். அவர் தலைக்கு மேலே இடி இடித்துக்கொண்டு நான் பாட்டுக் கேட்க முடியாது. ஆகவே நாமாகவே போய்க் கேட்டுவிடுவோம் என்று, மேலே மாப்பிள்ளை பாட்டை ஓடவிட, நான் கீழே போய் அவர் வீட்டு ஹாலில் அவரோடு உட்கார்ந்தேன். பாட்டு கேட்கவில்லை. தாளம் மட்டும் கேட்டது, தூரத்தில் யாரோ உரலில் இடிப்பதுபோல. கொஞ்சம் சத்தம்தான், ஆனால் நிற்காமல் வருவது எரிச்சலூட்டும் என்று எனக்கே தெரிந்தது. அவர், “பரவாயில்லை, உங்கள் அப்பா வாசிப்பதுதானே” என்றார். அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

இரண்டு வழியாகச் சத்தம் கீழே போகிறது. ஒன்று, பெட்டி தரையை நேராக உலுக்குவது. இன்னொன்று, ஹாலில் உள்ள காற்றே தளத்தை அழுத்துவது. முதலாவதை ரப்பரால் பெருமளவு தடுக்கலாம். கனமான ரப்பர்த் துண்டுகள் நான்கின் மேல் ஒரு தடித்த தேக்குப் பலகை, அதன் மேல் பெட்டி. மறுபடி கீழே போய்க் கேட்டேன். இடியின் கூர்மை போய்விட்டிருந்தது. இரண்டாவதுக்குக் கான்கிரீட்டைத் தவிர வேறு தடுப்பு கிடையாது. சத்தத்தைக் குறைப்பதும் நேரம் பார்ப்பதும்தான் வழி. இரவு 9 மணிக்கு மேல் சப்வூஃபர் இல்லை என்று நானாகவே அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வீடுகளுக்கும் அதே கணக்கு. முன்கூட்டியே போய்ச் சொன்னவன் வீட்டுப் பாட்டுக்கு யாரும் கதவைத் தட்டுவதில்லை.

9 மணிக்கு முன்னாலும் குறைந்த சத்தத்தில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சத்தத்தைக் குறைத்தால் அடிச்சுரம்தான் முதலில் காணாமல் போகும். காதின் இயல்பு அது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933ல் இதை அளந்து வெளியிட்டார்கள். இன்றைய சர்வதேசத் தர அளவின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக இருக்கும் ஓசைக்குச் சமமாக 40 ஹெர்ட்ஸ் ஓசை காதில் விழ வேண்டுமென்றால் அதற்குச் சுமார் 83 டெசிபல் தேவை. எனவே மெதுவாகக் கேட்கிற நாளில் சப்வூஃபரை மட்டும் நாலைந்து டெசிபல் ஏற்றிக்கொள்வேன். அப்போதும் கீழ்வீட்டுக்குப் போவது பகலில் போவதைவிடக் குறைவுதான்.

கரண்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் எதையும் எழுத முடியாது. நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகும் என்ற முறையெல்லாம் பார்த்துவிட்டோம். தவழ்ந்து இடம் தேடியது, மைக் வைத்து அளந்தது எல்லாமே கரண்ட் இருந்த நேரத்தைக் கணக்குப் பண்ணிச் செய்ததுதான். மற்ற நேரத்துக்கு பேட்டரி இன்வெர்ட்டர். இங்கே மலிவாகக் கிடைக்கும் இன்வெர்ட்டர்களில் பல, கரண்ட்டைப் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டித் தருகிறவை. மின்விசிறியே அதில் முனகும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சப்வூஃபரும் ரீங்காரம் போடும். சுத்த சைன் அலை தருகிற இன்வெர்ட்டர் வாங்குங்கள், விலை கூட என்றாலும். 300 வாட் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து பேட்டரிக்குப் பயப்பட வேண்டாம். அது அடி விழுகிற கணத்துக்கான கணக்கு. சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது அதில் சின்னப் பங்குதான் இழுக்கும். கரண்ட் போய் வருகிற கணம்தான் ஆபத்து. அழுத்தம் எகிறிக்கொண்டு வரும். ரெகுலேட்டர் வழியாக, அதுவும் கொஞ்சம் தாமதித்துக் கொடுக்கிற ரெகுலேட்டர் வழியாகத்தான் பெட்டிக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன்.

பாட்டே ஓடாதபோது ஊம் என்று ஒரு முனகல் கேட்டால், டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால், ஒயர் வழியாக எர்த் இரண்டு பாதையில் வட்டமடிக்கிறது என்று அர்த்தம். அந்த ஒயருக்கென்று விற்கிற ஐசொலேட்டர் ஒன்றைச் சொருகினால் தீரும். டிவி, ரிசீவர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே பலகையில் சொருகினாலும் பாதி வீடுகளில் தீர்ந்துவிடும். பிளக்கின் எர்த் கம்பியைப் பிடுங்கிவிடு, சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் நிற்கும், உயிருக்கு இருந்த காவலும் போய்விடும்.

இப்போது தொப்பி அடி விழுகிறது. சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்தவர்கள் கேட்கிறார்கள். ஸ்பீக்கர் இரண்டும்தான் பாடுவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. அப்பாவோடு பல வருஷம் நாயனம் வாசித்த பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்து ஒரு மல்லாரி முழுக்கக் கேட்டார். “குச்சியை மாத்திக்கிட்டான் பாரு இங்க” என்று ஓர் இடத்தில் சொன்னார். எனக்கு அது தெரியவில்லை. மறுபடி போட்டுக் கேட்டபோது தெரிந்தது. தவில் மட்டும் வாசிக்கும் தனியில், கடைசித் தீர்மானத்துக்கு (முடிப்புக்கு) முன்னால் அடியின் கனம் மாறுகிறது. பழைய கேசட்டில் அது அத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவன் இருப்பது ரங்கூனிலேயே தாக்கேட்டா பகுதியில், மரவீடு, தகரக் கூரை. பலகைச் சுவர் அடிச்சுரத்தைப் பிடித்து வைக்காது, வெளியே விட்டுவிடும். அங்கே பள்ளமும் குன்றும் பெரிதாக இருக்காது. ஆனால் அறை தூக்கிக் கொடுப்பதும் இருக்காது. 10 இன்ச் மூடிய பெட்டி அங்கே திணறும் என்று நினைக்கிறேன். துளை வைத்த 12 இன்ச்சும், மூலையும்தான் அவனுக்கு என் யோசனை. அவன் இரண்டு சின்னப் பெட்டி போதும் என்கிறான். யூமிக் மைக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் என் பெட்டியை டாக்சியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு வாங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம். மரவீட்டில் இருப்பவர்கள் அதுவரை காசைச் செலவழிக்காமல் இருங்கள், அளவு வந்ததும் எழுதுகிறேன்.